மூன்று இரவுகள்: அரசுப் பள்ளி ஆலோசனைப் பணியும் சட்டமும் – கடலூர் எல்லைப்புற மாதிரி நிகழ்வு ஆய்வு

அரசுப் பள்ளியில் மாணவர் ஆலோசனை என்றாலே ஆலோசகர் பணியிடம் எப்போது வரும் என்றுதான் பேச்சு போகிறது. பணியிடம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பிள்ளை வாய் திறந்து சொன்ன பிறகு வரும் சில மணி நேரத்தில்தான் சட்டம் மிகக் கறாராக நிற்கிறது. பள்ளிகள் அதிகம் சறுக்குவதும் அந்த நேரத்தில்தான். இங்கே எடுத்துக்கொண்ட நிகழ்வு எந்த ஒரு பள்ளியையும் குறிப்பதல்ல. எங்கும் நடக்கக்கூடிய தவறுகளை ஒரே இடத்தில் கோத்து அமைத்த மாதிரி. சட்டப் பிரிவுகள் மட்டும் உள்ளது உள்ளபடி.

நடந்தது

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை 640 பேர். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு வயது 14. வீடு புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் (அங்கே ஊராட்சிப் பகுதிக்கு அப்படிப் பெயர்) இருக்கிறது. தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். இரண்டு மாதமாக வாரம் ஒன்றிரண்டு நாள் வருவதில்லை. காலாண்டுத் தேர்வில் மூன்று பாடங்களில் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை காலை 11.20. நோட்டு திருத்தி வாங்க வந்தவளின் இடது முன்கையில், வளையலுக்கு மேலே, வரிசையாக நான்கு கீறல்களை வகுப்பாசிரியை பார்த்தார். ஆய்வகத்துக்கு வெளியே கூட்டிப்போய் விசாரித்தார். “யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க மிஸ், அப்பதான் சொல்லுவேன்.” “சொல்ல மாட்டேம்மா, நீ சொல்லு.” வீட்டில் வந்து தங்கியிருக்கும் உறவினர் ஒருவர் இரவில் தன்னைத் தொடுகிறார் என்றாள். கீறல் தானே போட்டுக்கொண்டது.

கொடுத்த வாக்கை எண்ணி ஆசிரியை அன்று யாரிடமும் பேசவில்லை. புதன்கிழமை, பள்ளியின் ஆலோசனைப் பொறுப்பாசிரியரிடம் சொன்னார். அவர் கணிதப் பட்டதாரி ஆசிரியர். ஒரு நாள் பயிற்சிக்குப் போய் வந்ததால் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. “முதல்ல உண்மையான்னு கன்ஃபார்ம் பண்ணிக்குவோம்” என்றார். வியாழக்கிழமை தலைமையாசிரியர் அறையில் ஐந்து பெரியவர்கள் முன் மாணவி நிறுத்தப்பட்டாள். நடந்ததை முழுத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அம்மாவை வரவழைத்தார்கள். “ஊர்ல தலை காட்ட முடியாது சார், நாங்களே பாத்துக்கறோம்” என்று அவர் அழுதார். எழுதிய தாளைப் போட்டோ எடுத்து ஒருவர் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு வேறோர் ஆசிரியை குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்தார். முதலில் சொன்ன நேரத்திலிருந்து 75 மணி 40 நிமிடம் ஆகியிருந்தது. இதற்குள் செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று இரவுகள் அந்தப் பெண் அதே வீட்டில் படுத்திருக்கிறாள்.

பள்ளியில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் மூன்று இரவுகள் போய்விட்டன. இந்த ஆய்வு அந்த மூன்று இரவுகளைப் பற்றியதுதான்.

ஆலோசகர் யார்?

கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் அட்டவணை வகுப்பறை, கழிப்பறை, நூலகம், ஆசிரியர் எண்ணிக்கை என்று எல்லாம் சொல்கிறது. 6 முதல் 8 வரை நூறு பேருக்கு மேல் இருந்தால் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஆலோசகர் என்ற சொல் அதில் இல்லை. இந்த இடைவெளியைத்தான் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று சுக்தேவ் சாகா எதிர் ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில் நிரப்பியது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன 17 வயது மாணவியின் மரணத்தில் தொடங்கிய வழக்கு அது. உரிய சட்டம் வரும்வரை நாடு முழுவதும் கட்டுப்படுத்தும் 15 வழிகாட்டுதல்களை நீதிமன்றம் கொடுத்தது. பயிற்சி மையம், தனியார் கல்லூரி மட்டுமல்ல, அரசுப் பள்ளியும் அதற்குள் வருகிறது.

நம் பள்ளிக்கு நேராகப் பொருந்துபவை இவை. 100 அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள நிறுவனம் குறைந்தது ஒரு தகுதியான ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளரை வைத்திருக்க வேண்டும். குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் பயிற்சி பெற்றதற்கு அவரிடம் சான்று இருக்க வேண்டும். நூறுக்குக் குறைவு என்றால் வெளி நிபுணர்களோடு முறையான பரிந்துரைத் தொடர்பு வேண்டும். ஆசிரியர், அலுவலர் எல்லோருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி. அபாய நிலையில் யாரை அழைப்பது, எங்கே அனுப்புவது என்ற எழுத்து நடைமுறை. உதவி எண்கள் பெரிய எழுத்தில் சுவரில். பெயர் நீக்கிய பதிவுகள், அவற்றிலிருந்து ஓர் ஆண்டறிக்கை. விடுதி இருந்தால் மின்விசிறியிலும் மொட்டை மாடியிலும் பாதுகாப்பு ஏற்பாடு.

640 பேர் படிக்கும் பள்ளியில் கணித ஆசிரியருக்குப் ‘பொறுப்பு’ கொடுத்தால் இந்த வழிகாட்டுதல் நிறைவேறாது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாரம் முழுக்கப் பாடவேளை உள்ளவருக்கு ஒரு பிள்ளையோடு முக்கால் மணி நேரம் உட்கார நேரமே கிடைக்காது. பணியிடம் வரும்வரை தலைமையாசிரியர் செய்யக்கூடியது, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் அனுப்புவதும், மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடம் மாதத்துக்கு எந்த நாள் வருவார்கள் என்று எழுத்தில் வாங்கி வைப்பதும்தான். தன்னார்வலர் யாராவது இலவசமாக வருகிறார் என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வந்த போக்சோ விதிகள், 2020-இன் 3ஆம் விதியை மறக்கக் கூடாது. குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் யாருக்கும், ஒப்பந்தப் பணியாளர் உட்பட, காவல் சரிபார்ப்பு கட்டாயம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் நிலைமை சற்று வேறு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால் அவற்றுக்கு பள்ளிகளுக்கு அங்கீகார இணைப்பு தருவதற்கான வாரியத்தின் 2018 விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. ஆலோசகர், நலவாழ்வு ஆசிரியர் வேண்டும் என்பது அந்த விதிகளிலேயே இருக்கிறது.

முதல் வாக்கியம்

“சொல்ல மாட்டேன்” என்ற வாக்கு அன்பில் வந்தது. சட்டப்படி அதைக் காப்பாற்ற முடியாது. போக்சோ சட்டம், 2012-இன் பிரிவு 19(1), குற்றம் நடந்தது என்று தெரிந்த, அல்லது நடக்கக்கூடும் என்று ஐயப்படும் எவரும் சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும் என்கிறது. ஆசிரியர், ஆலோசகர், மருத்துவர் யாருக்கும் விலக்கில்லை. வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வதற்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 132 தரும் காப்பு, பள்ளி ஆலோசகருக்குக் கிடையாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் பிரிவு 23 சிகிச்சைத் தகவலின் ரகசியத்தைக் காக்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு என்றால் அதுவும் வழிவிடுகிறது.

ஆகவே வாக்கு கொடுக்கும் இடத்திலேயே எல்லையைச் சொல்லிவிட வேண்டும். பேச்சுத் தமிழில் இப்படி: “நீ சொல்றதை முழுசா கேக்கறேன். ஊருக்கெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னா, உன்னைக் காப்பாத்தக்கூடியவங்க ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட சொல்லியே ஆகணும். யார்கிட்ட சொல்லப் போறேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.” இதைக் கேட்டு ஒரு பிள்ளை வாயை மூடிக்கொள்ளலாம். அது நடக்கும். மறுநாள் திரும்பி வரவும் செய்யும். பொய் வாக்கு கொடுத்துப் பேசவைத்த பிள்ளை திரும்பி வராது.

சொன்ன பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் நான்குதான். யார்? கடைசியாக எப்போது? இன்று ராத்திரி அந்த வீட்டுக்குப் போனால் அவர் இருப்பாரா? வீட்டில் உனக்கு நம்பிக்கையானவர் யார்? ‘எப்போது’ என்பது சும்மா கேட்பதல்ல. சம்பவம் 72 மணி நேரத்துக்குள் என்றால் மருத்துவம் அவசரம்; எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதற்குள் தொடங்கியாக வேண்டும், உடலில், துணியில் உள்ள தடயமும் கரைந்துவிடும். இந்த நான்குக்கு மேல் தோண்டக் கூடாது. “அங்க தொட்டானா, இங்க தொட்டானா” என்று எடுத்துக்கொடுக்கும் கேள்வி வழக்கைப் பிறகு சாய்த்துவிடும்.

‘கன்ஃபார்ம்’ செய்வது யார் வேலை?

வியாழக்கிழமை நடந்த விசாரணைதான் இந்த நிகழ்வின் பெரிய பிழை. போக்சோ பிரிவு 19(1)-க்கு ஐயமே போதும். உண்மையா என்று தேடுவது காவல் துறையின் வேலை, முடிவு சொல்வது சிறப்பு நீதிமன்றத்தின் வேலை. நல்லெண்ணத்தில் தகவல் தந்தவர்மீது உரிமையியல், குற்றவியல் பொறுப்பு எதுவும் வராது என்று பிரிவு 19(7) சொல்கிறது. கடைசியில் தகவல் தவறாகவே போனாலும் இந்தக் காப்பு நிற்கும்.

மாணவியை எழுதவைத்த தாள் இன்னொரு சிக்கல். அவள் பிறகு பெண் காவல் அதிகாரியிடம் சொல்வாள், மருத்துவரிடம் சொல்வாள், நீதித்துறை நடுவரிடம் சொல்வாள், கடைசியில் கூண்டுக்கருகில் நின்று சொல்வாள். ஐந்து பேர் முறைத்துப் பார்க்க, பயத்தில் எழுதிய முதல் தாளில் ஒரு தேதி மாறியிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார். சட்டம் குழந்தையின் வாக்குமூலத்துக்கு எவ்வளவு கவனம் எடுக்கிறது என்று பாருங்கள்: பிரிவு 24-இன்படி வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும், இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல். பள்ளியில் ஐந்து நாற்காலி போட்டு உட்காரவைத்தது இதற்கு நேர்மாறு.

வாட்ஸ்அப் போட்டோ தனிக் குற்றமாக மாறக்கூடியது. சிறார் நீதிச் சட்டம், 2015-இன் பிரிவு 74, வழக்கில் வரும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி என்று அடையாளம் காட்டும் எதையும் எவ்வகைத் தொடர்பிலும் வெளியிடத் தடை விதிக்கிறது. ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஆசிரியர் குழுதானே என்ற சமாதானம் செல்லாது. நாற்பது பேர் போனில் இருக்கும் படம் நாளைக்கு எங்கும் இருக்கும்.

24 மணி நேரம் யாருக்கு?

“ரிப்போர்ட் பண்ண 24 மணி நேரம் டைம் இருக்கு சார்” என்று பயிற்சி வகுப்புகளிலேயே சொல்லிக் கேட்கலாம். தவறு. சட்டத்தில் 24 மணி நேரம் காவல் துறைக்குத்தான். போக்சோ பிரிவு 19(5)-இன்படி குழந்தைக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்யவும், 19(6)-இன்படி சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் இயங்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்கவும் உள்ள கெடு அது. பள்ளிக்கு எந்தக் கால அவகாசமும் எழுதப்படவில்லை. தெரிந்த கணமே கடமை தொடங்குகிறது. 2022 நவம்பர் 2 அன்று, மகாராஷ்டிரத்தின் பள்ளி விடுதி ஒன்றில் நடந்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறியதாக மருத்துவர்மீது போட்ட வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. தாமதமில்லாமல் தெரிவிப்பது சட்டத்தின் நோக்கத்துக்கே அடிப்படை என்றது.

தவறினால் பிரிவு 21(1): ஆறு மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தலைமையாசிரியர்கள் பயப்படும் ஓராண்டுத் தண்டனை 21(2)-இல் வருகிறது. அது குற்றவாளி தமக்குக் கீழ் வேலை செய்பவராக இருக்கும்போது. இங்கே குற்றம் சாட்டப்பட்டவர் உறவினர், எனவே 21(1)தான். அது தலைமையாசிரியருக்கு மட்டுமல்ல, செவ்வாய்க்கிழமை கேட்ட ஆசிரியைக்கும் பொறுப்பாசிரியருக்கும் சேர்த்துத்தான். மேலே சொல்லிவிட்டேன் என்பது கடமையை முடிக்காது. தலைமையாசிரியர் செய்யவில்லை என்றால் கேட்டவரே செய்ய வேண்டும்.

1098-க்குப் போன் செய்தது நல்ல காரியம். ஆனால் பிரிவு 19 பெயர் சொல்வது காவல் துறையைத்தான். எனவே போனோடு நிற்காமல் நிலையத்துக்கு எழுத்தில் ஒரு பக்கம் தர வேண்டும். மாணவி சொன்னதை அவள் வார்த்தையிலேயே நான்கைந்து வரி, சொன்ன நாள், நேரம், கேட்டவர் பெயர், இன்றிரவு ஆபத்து உண்டா என்ற குறிப்பு. அதற்கு மேல் வேண்டாம். பிரிவு 19(2)-இன்படி நிலையத்தில் பதிவு எண் போட்டு, எழுதியதைப் படித்துக்காட்ட வேண்டும். அந்த எண்ணை வாங்காமல் வரக் கூடாது. சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்தது என்பதற்கு மட்டும் தரும் சீட்டு) கொடுத்து அனுப்பினால், இது முதல் தகவல் அறிக்கைக்குரிய குற்றம் என்று பணிவாக, ஆனால் அழுத்தமாகச் சொல்லலாம். பதியத் தவறும் அதிகாரிக்கும் அதே 21(1) பொருந்தும்.

“இது பாண்டி லிமிட்”

வெள்ளிக்கிழமை மாலை இந்தப் பேச்சும் வந்தது. சம்பவம் பாகூர் பக்கம், பள்ளி கடலூரில், எங்கே புகார்? பாகூர் கொம்யூனுக்கும் கடலூருக்கும் நடுவில் எல்லை வளைந்து வளைந்து போகிறது. ஒரே பஸ் பயணத்தில் தமிழ்நாடு, புதுச்சேரி என்று இரண்டு காவல் எல்லைகளைத் தாண்டுகிறோம். இந்த ஊர்களில் ஆலோசனை நடைமுறை எழுதும்போது இதற்கென்று ஒரு பத்தி இருந்தே தீர வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173(1), குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம் என்கிறது. கடலூர் நிலையம் எண் பூஜ்யத்தில் (எல்லை பாராமல் பதியும் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’) பதிந்து பாகூர்ப் பக்க நிலையத்துக்கு மாற்ற வேண்டும். மின்னஞ்சலிலும் அனுப்பலாம், அனுப்பியவர் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். சிறார் நீதிச் சட்டத்தின் பிரிவு 107-இன்படி நிலையத்துக்கு ஒருவர் குழந்தை நலக் காவல் அலுவலராக இருப்பார். கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கத்திலும் அவர் யார், எண் என்ன என்று ஜூன் மாதமே கேட்டு எழுதி வைத்தால் வெள்ளிக்கிழமை மாலை தேட வேண்டியதில்லை. இரண்டு பக்கக் குழந்தைகள் நலக் குழு எண்களும் அப்படியே.

அம்மா வேண்டாம் என்றால்?

தகவல் தருவதற்குப் பெற்றோர் சம்மதம் தேவையில்லை. ‘எவரும்’ என்ற சொல்லுக்குள் அம்மாவும் வருகிறார் என்பது உண்மை. அதைச் சொல்லி அவரை மிரட்டக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு மிஞ்சியிருக்கும் ஆதரவு அவராக இருக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டில் இருக்கிறார் என்பதால், குழந்தையை அங்கிருந்து மாற்ற வேண்டுமா என்பதைக் குழந்தைகள் நலக் குழு மூன்று நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும் (போக்சோ விதிகள், விதி 4). அம்மா அந்த உறவினரை வெளியே அனுப்பத் தயாராக இருந்தால் பிள்ளை வீட்டிலேயே இருக்கும் வாய்ப்பும் உண்டு. அம்மாவிடம் சொல்ல வேண்டியது இதுதான். உணவு, துணி, பயணச் செலவுக்கு விதி 8-இன்படி உடனடி நிவாரணம் கேட்கலாம், வழக்கு முடியும்வரை கூட வர ஆதரவு நபர் ஒருவரைக் குழு தரும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் “தலை காட்ட முடியாது” என்பதன் பாரம் கொஞ்சம் குறையும்.

கையில் இருந்த கீறல்

எல்லோரும் புகாரிலேயே மூழ்கி, கீறலை மறந்துவிட்டார்கள். போலீசுக்குச் சொல்லியாயிற்று என்பதால் தற்காயம் நின்றுவிடாது. முதல் வாரத்தில் கூடவும் செய்யலாம். அன்றே கேட்க வேண்டியது: “சாகணும்னு தோணுதா?” இப்படி நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் தனியாக விடக் கூடாது, பெரியவர் ஒருவர் கூடவே அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போக வேண்டும். 14416 என்ற எண்ணில் ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவை உண்டு. பள்ளி மாணவருக்கு 14417-உம் உண்டு.

தற்காயத்துக்காக டி.சி. கொடுத்து அனுப்பும் பழக்கத்துக்கு இடமே இல்லை. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 115. கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 17 உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 6 முதல் 14 வயது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பல பிள்ளைகள் அதற்கு வெளியே போய்விடுகிறார்கள். அவர்களுக்குச் சிறார் நீதிச் சட்டத்தின் பிரிவு 75 துணை நிற்கிறது, 18 வயதுவரை.

பதிவேடும் அறையும்

இரண்டு பதிவேடு வேண்டும், கலக்கக் கூடாது. ஒன்றில் மாணவர் பெயர் இருக்காது. குறியீட்டு எண், தேதி, வந்த நேரம், போன நேரம், யார் அனுப்பினார், என்ன வகைச் சிக்கல், அடுத்த சந்திப்பு. ஆண்டறிக்கை இதிலிருந்து வரும். மற்றது பூட்டிய பீரோவில், சாவி இரண்டே பேரிடம். காவல் துறைக்குக் கொடுத்த கடித நகல், பதிவு எண், பரிந்துரைச் சீட்டு அதில். இதைப் பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தகவல் தொகுப்பான எமிஸில் ஏற்றக் கூடாது, ஆய்வுக்கு வரும் அலுவலருக்குப் புரட்டிக் காட்டவும் கூடாது. நீதிமன்றம் ஆவணம் கேட்டு அழைப்பாணை அனுப்பினால் மூடிய உறையில் கொடுக்க வேண்டும். எழுதும்போதே அந்த நாளை மனதில் வைத்து, பிள்ளை சொன்னதை மட்டும் எழுத வேண்டும். “பொய் சொல்கிறாள் போல” போன்ற அபிப்பிராயம் ஒரு வரிகூட வேண்டாம்.

அறைக்குப் பெரிய செலவில்லை. கதவில் கண் உயரத்தில் ஒரு கண்ணாடித் துண்டு: உள்ளே இருப்பவர்கள் வெளியே தெரிய வேண்டும், பேச்சு கேட்கக் கூடாது. ஒரே உயர நாற்காலி இரண்டு, நடுவில் மேசை இல்லாமல். ஆசிரியர் ஓய்வறைக்கும் தலைமையாசிரியர் அறைக்கும் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் வரமாட்டார்கள். நூலகத்துக்குப் பக்கம் என்றால் புத்தகம் எடுக்கப் போனதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

திரும்பி வந்த பிறகு

இந்த மாணவி பதினொரு நாள் கழித்துப் பள்ளிக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஏதோ தெரிந்திருக்கும். வருகைப் பதிவேட்டில் ‘வழக்கு’ என்று எழுதக் கூடாது, மருத்துவ விடுப்பு போதும். எங்கே உட்கார விரும்புகிறாள் என்று அவளையே கேட்க வேண்டும். முழுத்தாள் எழுதவைத்த ஐந்து பேரில் ஒருவராவது அவளிடம் “உன்னை அப்படி நிக்க வெச்சது தப்பும்மா” என்று சொல்ல வேண்டும்; எந்தப் பிரிவும் இதைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். சிறப்பு நீதிமன்றம் குற்றத்தைக் கவனத்தில் எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும் என்பதால் (போக்சோ பிரிவு 35) அழைப்பாணை அரையாண்டுத் தேர்வு நாளிலேயே வரலாம். தேர்வு கால அட்டவணையை ஆதரவு நபரிடம் முன்கூட்டியே கொடுத்தால் வேறு தேதி கேட்டு அவர் மனுப்போட முடியும். முடியாமல் போனால், விட்டுப்போன தாளை எந்த நாளில், எந்த அறையில், யார் மேற்பார்வையில் எழுதுவாள் என்பதை வகுப்பாசிரியை அவளிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.